பிகாச்சுவின் சிவப்புக் கன்னம், புல்பசோரின் ஓரத்தில் ஒரு புள்ளி: இதில் எது உண்மையான வேரியேஷன்?

போட்டோஸ்டாட்_கடை (சுங்கை சிப்புட்)
சனி, இரவு 9.40

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மதியம் கடைக்குப் பின்னால் இரண்டு மேசை போட்டுக் கொடுப்பேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் போக்கிமோன் கார்டு (பிகாச்சு, புல்பசோர் மாதிரி கார்ட்டூன் பிராணிகள் படம் போட்ட விளையாட்டுக் கார்டு) மாற்ற வருவார்கள். புதுக் கார்டு வாங்க எல்லார் வீட்டிலும் காசு இல்லை, அதனால் பாதிப் பேர் கையில் இருப்பது மாமாவோ சித்தப்பாவோ சின்ன வயதில் சேர்த்த பழைய கார்டுகள்தான். லயத்து வீட்டைக் காலி செய்தபோது எப்படியோ பிஸ்கட் டின்னோடு தப்பி வந்தவை. 1999-இல் வந்த முதல் ஆங்கில செட், அப்புறம் அதே வருடம் வந்த ஜங்கிள் செட், இந்த இரண்டும்தான் அதிகம்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் தன் ஜங்கிள் ஸ்நார்லாக்ஸ் ஹோலோவையும் ஃப்ளேரியான் ஹோலோவையும் (ஹோலோ என்றால் படம் மினுமினுக்கும் கார்டு) கொடுத்துவிட்டு ஒரே ஒரு சாதாரண புல்பசோர் கார்டை வாங்கியிருக்கிறான். கேட்டால், "அங்கிள், இது வேரியேஷன், உலகத்திலேயே இது மாதிரி இல்லை" என்கிறான். ஒரே கார்டு வேறு மாதிரி அச்சாகித் தனி வகையாக நின்றால் அதை வேரியேஷன் என்பார்கள். வாங்கிப் பார்த்தேன். மஞ்சள் ஓரத்தில் மிளகு அளவுகூட இல்லாத ஒரு சிவப்புப் புள்ளி, அதைச் சுற்றி வெளிறிய வளையம். அவ்வளவுதான். புல்பசோரைக் கொடுத்த பையனும் ஏமாற்ற நினைத்தவன் இல்லை, அவனும் ஏதோ ஒரு வீடியோவில் புள்ளி இருந்தால் முந்நூறு வெள்ளி (ரிங்கிட்) என்று பார்த்துவிட்டு அதை மனதார நம்பியிருக்கிறான். இரண்டு பேருமே எனக்கு வேண்டிய பிள்ளைகள். பெரியவன் என்று அங்கே நிற்கிற நான் ஒரு பதில் சொல்ல வேண்டும், என்னிடம் பதில் இல்லை.

மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது, எந்தக் கார்டுக்கு எது சமம் என்று பிள்ளைகளே எழுதி வைப்பார்கள். அதில் வேரியேஷன் என்று ஒரு பக்கம் திறக்கலாம் என்று நினைக்கிறேன். எதை அதில் ஏற்றுவது, எதை விடுவது? என் முன்னால் இப்போது கிடப்பவை இவை:

பிகாச்சு, 58/102 (102 கார்டு செட்டில் 58-ஆவது). ஒன்றில் கன்னம் சிவப்பு, இன்னொன்றில் மஞ்சள்.

படச்சட்டத்துக்கு வலப்பக்கம் நிழல் இருக்கிற கார்டு, நிழலே இல்லாத கார்டு.

முதல் பதிப்பு முத்திரை குத்திய மச்சாம்ப். இது நாலு பேரிடம் இருக்கிறது, நாலு பேருமே பணக்காரர்கள் ஆகிவிட்டதாக நினைக்கிறார்கள்.

ஒரு ஜங்கிள் ஹோலோ, படத்துக்குக் கீழே வலது மூலையில் வரவேண்டிய பூ அடையாளம் இல்லை.

முழுக்க நீலம் பாய்ந்த ஒரு கார்டு. மஞ்சள் ஓரம்கூட வெளிறிப் போய் இருக்கிறது. வைத்திருக்கும் பிள்ளை இதை "மஞ்சள் மை இல்லாத கார்டு" என்கிறாள்.

கடைசியாக அந்தப் புல்பசோர்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் எனக்கு ஒரு நியாயம் வேண்டும்.


பைண்டர்_தம்பி
சனி, இரவு 10.15

அண்ணே, ரொம்ப யோசிக்காதீங்க. கூடக் காசு கொடுக்க ஒருத்தன் இருந்தால் வேரியேஷன், இல்லையென்றால் மிஸ்பிரிண்ட். சந்தை சொல்வதுதான் கடைசியில் நிற்கும். நிழல் இல்லாத கார்டுக்குத் தனி விலை, சிவப்புக் கன்னத்துக்குத் தனி விலை, அடையாளம் இல்லாத ஜங்கிளுக்குத் தனி விலை, இது எல்லாருக்கும் தெரிந்தது. மச்சாம்ப் மட்டும் பாவம், அது இரண்டு பேர் விளையாடும் தொடக்கப் பெட்டியோடு வந்த கார்டு, அந்தப் பெட்டியில் வந்த எல்லா மச்சாம்பிலுமே முதல் பதிப்பு முத்திரை உண்டு. நிழல் உள்ள கார்டில்கூட இருக்கும். அந்த நாலு பேரிடமும் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.


ஈப்போ_அச்சுக்காரன்
ஞாயிறு, காலை 7.05

தம்பி சொன்னது விலைக்குச் சரி. கடைக்காரர் கேட்பது வேறு. சந்தை முந்நூறு வெள்ளி கொடுக்கிறது என்று நம்பித்தானே அந்தப் பையன் புள்ளியை வாங்கினான்? விலையை வைத்து முடிவு செய்தால், யார் சத்தமாகச் சொல்கிறானோ அவன் சொன்னதுதான் வேரியேஷன் என்று ஆகிவிடும்.

நான் ஈப்போவில் ஆஃப்செட் மெஷினில் 26 வருடம் நின்றவன். கல்யாணப் பத்திரிகை, நாள்காட்டி, பால் டின் லேபிள் எல்லாம் ஓட்டியிருக்கிறேன். கார்டும் அதே தொழில்தான், அதனால் மெஷின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார்டைத் தனித்தனியாக யாரும் அடிப்பதில்லை. ஒரு பெரிய தாளில் நூறுக்கு மேல் கார்டுகளை வரிசையாக அடுக்கி அடித்துவிட்டுப் பிறகு வெட்டுவார்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு மை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளேட். பிளேட்டில் இருக்கும் படம் ரப்பர் பிளாங்கெட்டில் ஏறி, அங்கிருந்து தாளில் இறங்கும். இந்த வழியில் தப்பு நடக்க இரண்டு இடம் உண்டு. ஒன்று, பிளேட் செய்வதற்கு முன்பே, அதாவது படம் வரைந்து, எழுத்துக் கோத்து, ஃபிலிம் எடுக்கிற இடம். இன்னொன்று, மெஷின் ஓடும்போது. உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

மெஷின் ஓடும்போது வருவதில் ரொம்பச் சாதாரணமானது உங்கள் புல்பசோர் புள்ளி. தாளின் தூசியோ காய்ந்த மையின் துணுக்கோ பிளேட்டிலோ பிளாங்கெட்டிலோ ஒட்டிக்கொள்ளும். துணுக்கு மேடாக நிற்பதால் அது மட்டும் மையைப் பதிக்கும், அதைச் சுற்றி ஒரு சின்ன வட்டத்துக்குத் தாளில் மை படாது. புள்ளியும் வளையமும் அப்படித்தான் வருகிறது. மஞ்சள் ஓரத்தில் சிவப்பாக இருக்கிறது என்றால் சிவப்பு மை பிளேட்டில் ஒட்டியிருக்கிறது. நாங்கள் பார்த்தவுடன் மெஷினை நிறுத்தித் துடைப்போம், பார்க்காவிட்டால் சில நூறு தாள் போன பிறகு தானாகவே விழுந்துவிடும். ஒரு நாளில் இப்படி எத்தனை தடவை துடைத்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அதைப் போய் உலகத்தில் இல்லாதது என்று சொன்னால் எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரே மாதிரிப் புள்ளி இரண்டாவது இல்லை என்பது உண்மைதான், கையில் மை பட்டால் விழும் கறையும் ஒன்று போல இன்னொன்று இருக்காது.

மை குறைவாக விழுவது, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராமல் விலகுவது, கத்தி தப்பி ஓரம் கோணலாக வெட்டுப்படுவது, இவையும் இதே கூட்டம்தான்.

இப்போது நிழல் இல்லாத கார்டை எடுங்கள். நிழல் மட்டுமா வேறு? கீழே உள்ள உரிமை வரியைப் பாருங்கள். நிழல் இல்லாததில் 1995, 96, 98, 99 என்று இருக்கும், நிழல் உள்ளதில் பெரும்பாலும் முதல் வரிசையில் அந்த 99 இருக்காது. உயிர் அளவைக் காட்டும் ஹெச்பி எழுத்தின் தடிமனும் வேறு. மூன்றும் ஒன்றாக மாறியிருக்கிறது. தூசி அப்படி மாற்றாது, ஒரு மனிதன் உட்கார்ந்து கார்டைத் திருத்திப் புது பிளேட் போட்டிருக்கிறான். பிகாச்சு கன்னமும் அப்படித்தான், நிறத்தை யாரோ முடிவு செய்து மாற்றியிருக்கிறார்கள். இவை இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நோட்டில் ஏற்றுங்கள்.

ஜங்கிள் ஹோலோவில் அடையாளம் இல்லாதது கவனக்குறைவுதான், ஆனால் எங்கே நடந்த கவனக்குறைவு என்று பாருங்கள். பக்கத்தில் உள்ள எழுத்துகள் எல்லாம் தெளிவாக இருக்க அது மட்டும் இல்லை, அந்த செட்டின் பதினாறு ஹோலோவும் அப்படிக் கிடைக்கின்றன. மை போதாமல் போனால் அத்தனை கார்டிலும் அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்து விடாது. பிளேட்டுக்கு முன்பே விட்டுப்போனது அது. பிறகு சேர்த்திருக்கிறார்கள். அதுவும் நோட்டில் வரட்டும்.

நீலக் கார்டுக்கு ஒரு கேள்வி. அந்தப் பிள்ளை வீட்டில் அதை எங்கே வைத்திருந்தார்கள்? ஜன்னல் ஓரமா?


போட்டோஸ்டாட்_கடை
ஞாயிறு, பிற்பகல் 1.20

ஐயா, ரொம்ப நன்றி. அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் போனில் கேட்டேன். தாத்தா வீட்டில் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டி வைத்திருந்த கார்டாம், படம் வெளியே பார்த்தபடி. எத்தனை வருடம் என்று அவருக்கே தெரியவில்லை. உங்களுக்கு எப்படித் தெரிந்தது?


ஈப்போ_அச்சுக்காரன்
ஞாயிறு, பிற்பகல் 2.00

முடிவெட்டும் கடை வாசலில் ஒட்டியிருக்கிற பழைய போஸ்டரைப் பாருங்கள், மாடல்களின் முகமெல்லாம் நீலமாக இருக்கும். வெயிலில் மஞ்சளும் சிவப்பும் முதலில் ஓடிவிடும், நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். கார்டைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் நிறம் நன்றாக இருந்தால் வெயில்தான். அச்சகத்தை விட்டு வெளியே வந்த பிறகு நடந்தது எதுவுமே வேரியேஷன் ஆகாது. நம் ஊர் ஈரத்தில் ஹோலோ கார்டு வளைவதும் அப்படித்தான். சில பேர் வேண்டுமென்றே ரசாயனம் போட்டு அடையாளத்தை அழிக்கிறார்கள், அதனால் ஜங்கிள் ஹோலோவையும் பூதக்கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அழித்த இடத்தில் மேல்பளபளப்பு போயிருக்கும், சாய்த்துப் பிடித்தால் தெரியும்.


பேஸ்பால்_பெட்டி
ஞாயிறு, இரவு 8.30

அச்சுக்கார ஐயா சொன்னதில் முக்கால்வாசிக்கு நான் உடன்படுகிறேன். கால்வாசிக்கு இல்லை, அந்தக் கால்வாசியில்தான் எல்லாச் சண்டையும் நடக்கிறது.

நான் சேர்ப்பது அமெரிக்க பேஸ்பால் கார்டுகள். ஏன் என்று கேட்காதீர்கள், மாமா கப்பலில் வேலை செய்தவர், அவர் கொண்டு வந்து பழக்கிவிட்டார். இந்தக் கேள்வியில் அங்கே பல தலைமுறையாக அடித்துக்கொள்கிறார்கள். முதலில் ஒரு விஷயம் பிரித்துக்கொள்ளுங்கள்: தப்பு வேறு, வேரியேஷன் வேறு. டாப்ஸ் என்ற கார்டு கம்பெனியின் 1957 செட்டில் ஹாங்க் ஆரோன் கார்டு இருக்கிறது. அவர் வலக்கை ஆட்டக்காரர், கார்டில் ஃபிலிமைத் திருப்பிப் போட்டுவிட்டதால் இடக்கைக்காரர் மாதிரி நிற்பார். பெரிய தப்பு. ஆனால் டாப்ஸ் அதைத் திருத்தவே இல்லை, அடித்த எல்லாக் கார்டும் அப்படித்தான். ஒரே வகை, வேரியேஷன் கிடையாது. 1989-இல் அப்பர் டெக் இதே தப்பை டேல் மர்ஃபி கார்டில் செய்தது, பாதியில் கண்டுபிடித்துத் திருத்திவிட்டது. அதனால் இரண்டு வகை கிடைக்கின்றன, திரும்பிய படத்துக்குத் தனி மதிப்பு. இரண்டும் ஒரே தப்புதான், திருத்தியதால் மட்டுமே ஒன்று வேரியேஷன் ஆனது. அதே 1989-இல் ஃப்ளீர் செட்டில் பில்லி ரிப்கன் கார்டு, பேட்டின் குமிழில் ஒரு கெட்ட வார்த்தை எழுதியிருந்தது தெரியாமல் அச்சாகிவிட்டது. அப்புறம் கறுப்புக் கட்டம் போட்டு ஒன்று, கிறுக்கி ஒன்று, வெள்ளை பூசி ஒன்று என்று பல விதமாக மறைத்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு கை வைத்த மாற்றம். ஐயாவின் கணக்குப்படி எல்லாமே உள்ளே, எனக்கும் சம்மதம்.

இப்போது சிக்கலான ஒன்று. 1990 டாப்ஸ், ஃபிராங்க் தாமஸ், எண் 414. சில கார்டுகளில் முன்பக்கம் பெயரே இல்லை. யாரும் எடுக்கவில்லை, யாரும் மாற்றவில்லை. கறுப்பு மை ஒரு இடத்தில் தடைபட்டிருக்கிறது. எப்படித் தெரியும் என்றால், அதே தாளில் பக்கத்தில் இருந்த கார்டுகளிலும் கறுப்பு அங்கங்கே விட்டுப்போயிருக்கிறது, கோடு பாதியில் நிற்கும். தடை அடித்த இடம் தற்செயலாக ஒரு பெரிய ஆட்டக்காரரின் பெயர் மேல் விழுந்துவிட்டது. ஐயாவின் கணக்குப்படி இது அச்சுக் குறை, வெளியே. ஆனால் எல்லாப் பட்டியலும் இதைத் தனியாகப் போடுகிறது, தரம் பார்க்கும் நிறுவனங்கள் லேபிளில் எழுதிக் கொடுக்கின்றன. 1958-இல் பாஞ்சோ ஹெரேரா கார்டும் அப்படி, பெயரின் கடைசி எழுத்து மட்டும் அச்சாகவில்லை. அந்த எழுத்து பாதி தேய்ந்தும் கால் தேய்ந்தும் கார்டுகள் இருக்கின்றன. அப்படியென்றால் எந்த இடத்தில் கோடு போடுவது?

எனக்கு இதில் ரொம்ப நாளாக மன வருத்தம் உண்டு. பக்கத்துக் கார்டில் கோடு போனால் குப்பை, தாமஸ் பெயர் போனால் புதையல், இரண்டும் ஒரே தடையிலிருந்து வந்த குறை. இது நியாயமே இல்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் அந்தக் கார்டு கிடைத்தால் வாங்கிவிடுவேன், ஏனென்றால் அது ஒரே மாதிரியாகத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது, பலர் கையில் இருக்கிறது, இது எது என்று பார்த்தவுடன் சொல்ல முடிகிறது. பிளேட்டுக்கு முன்பா பின்பா என்பதோடு, திரும்ப வருகிறதா என்பதையும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.


தபால்தலை_அக்கா
திங்கள், மாலை 6.10

பெட்டித் தம்பி சொன்னதற்குத் தபால்தலை சேர்ப்பவர்களிடம் பழைய பெயர் ஒன்று இருக்கிறது: நிலையான குறை. ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில், அதே தலையில் அதே குறை வந்துகொண்டே இருந்தால், தாளில் எத்தனையாவது வரிசை எத்தனையாவது தலை என்று குறித்துப் பதிவு செய்வோம். ஒரு தடவை வந்து போனால் அதைச் சும்மா வைத்துக்கொள்ளலாம், பட்டியலில் ஏற்ற மாட்டோம். உங்கள் ஜங்கிள் செட்டிலேயே உதாரணம் இருக்கிறதே, பட்டர்ஃபிரீ, 33/64. முதல் பதிப்பு முத்திரையில் உள்ள 1 என்ற எண் கெட்டுப்போய் ஆங்கில எழுத்து டி மாதிரித் தெரியும். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, ஆனால் ஒருவரிடம் இருப்பது போலவே வேறு ஊரில் இன்னொருவரிடமும் இருக்கிறது.

கடைக்காரத் தம்பிக்கு என் யோசனை ஒன்றுதான். அந்தப் புல்பசோருக்கு ஜோடி தேடுங்கள். வேறு வீட்டிலிருந்து, வேறு பாக்கெட்டில் வந்த இன்னொரு புல்பசோரில் அதே இடத்தில் அதே புள்ளி இருந்தால் பேசலாம். நிறைய இருக்க வேண்டும் என்றில்லை, இரண்டாவது ஒன்று போதும். அதுவரை அந்தப் பையன் அதை விற்கவும் வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம்.

அப்புறம் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், எப்போதும் இரண்டு கார்டைப் பக்கத்தில் வைத்துத்தான் வேரியேஷன் பேச வேண்டும். ஒற்றைக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு இது வேறு மாதிரி என்று சொல்கிறவர்களிடம் எதோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள். நான் நாற்பது வருடமாக இதைத்தான் கேட்கிறேன்.


பைண்டர்_தம்பி
திங்கள், இரவு 11.00

அச்சுக்கார ஐயா, நான் முதலில் எழுதியதை யோசித்துப் பார்த்தேன். ஜப்பானில் 1996-இல் வந்த முதல் செட்டில், முதல் அச்சில் கார்டு எவ்வளவு அரிது என்று காட்டும் குறியே கிடையாது, பிறகு சேர்த்தார்கள். அதை யாருமே தப்பு என்று சொல்வதில்லை, ஆனால் எல்லாரும் தனி வகை என்று ஒத்துக்கொள்கிறார்கள். விலை முதலில் வரவில்லை, வித்தியாசம்தான் முதலில் வந்தது. நான் சொன்னது தலைகீழ். அண்ணே, என் பெட்டியில் ஆறு புல்பசோர் இருக்கிறது, தைப்பிங்கிலிருந்து சனிக்கிழமை எடுத்து வருகிறேன்.


போட்டோஸ்டாட்_கடை
சனி, இரவு 8.50

இன்றைக்கு நடந்ததை எழுதியே ஆக வேண்டும், நீங்கள் எல்லாரும் இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள்.

பைண்டர் தம்பி மோட்டாரில் வந்து சேர்ந்தார், மழையில் நனைந்தும் கார்டு நனையவில்லை. அவருடைய ஆறும் பிள்ளைகளுடைய எட்டும் சேர்த்து, புள்ளிக் கார்டோடு மொத்தம் பதினைந்து புல்பசோர் மேசையில் வரிசையாக வைத்தோம். கடையில் இருந்த பூதக்கண்ணாடியை ஆள் மாற்றி ஆள் வாங்கிப் பார்த்தார்கள். அந்தப் புள்ளி வேறு எதிலும் இல்லை. ஒன்றில் மட்டும் வேறு இடத்தில் ஒரு நீலப் புள்ளி இருந்தது, அதற்கும் வளையம் உண்டு. ஐயா சொன்ன தூசிக் கதையை நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பிள்ளை, "அப்போ இது நீல மெஷின்ல விழுந்த தூசியா அங்கிள்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நோட்டில் இரண்டு பக்கம் திறந்தாயிற்று. முதல் பக்கத்தில் கார்டையே மாற்றிப் புதிதாக அடித்தவை: நிழல், கன்னம், ஜங்கிள் அடையாளம். அடையாளம் போன இடத்தைச் சாய்த்துப் பார்த்தோம், பளபளப்பு அப்படியே இருக்கிறது. இரண்டாவது பக்கத்தில், யாரும் மாற்றாமலேயே ஒரே மாதிரியாகத் திரும்ப வந்தவை. அதில் இப்போதைக்கு பட்டர்ஃபிரீ மட்டும் இருக்கிறது, அதுவும் எங்களில் யாரிடமும் இல்லை. மீதி எல்லாம் நோட்டின் கடைசித் தாளில் பென்சிலில். மச்சாம்ப் விஷயத்தைக் கேட்டு ஒருவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

நீலக் கார்டு பிள்ளையிடம் ஜன்னல் கதையைச் சொன்னேன். அது தாத்தா ஒட்டிய கார்டு என்றால் யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லித் திரும்ப எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இனி அந்த இரண்டு பையன்கள். நான் எதுவும் சொல்லவில்லை. பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, புல்பசோரைக் கொடுத்தவன் தானாகவே ஸ்நார்லாக்ஸையும் ஃப்ளேரியானையும் எடுத்து மேசை மேல் தள்ளினான். மற்றவன் ஸ்நார்லாக்ஸை மட்டும் எடுத்துக்கொண்டான். "ஃப்ளேரியான் நீயே வச்சுக்க, எனக்கு அந்தப் புள்ளி பிடிச்சிருக்கு" என்றான். அந்த மாற்றத்தையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.